அடக்கிய சொற்கள்

பிளவக்கல் என்னும் பெயரைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்கிவிடும். பிளவுபட்ட கல், அவ்வளவே. வத்திராயிருப்புக்கு மேற்கே, மலை இறங்கி நிலத்தைத் தொடும் இடத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு காட்டாறுகளைத் தடுத்துச் சென்ற நூற்றாண்டின் எழுபதுகளில் அங்கே இரண்டு அணைகளை எழுப்பினார்கள். இந்தப் பெரியாறு வேறு, முல்லைப் பெரியாறு வேறு. வெளியூர் அன்பர்கள் இதனை அடிக்கடி குழப்பிக்கொள்வதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு மாலை வேளைகளில் அந்த அணைக்கரைக்குச் செல்வது என் வழக்கம். நீரைத் தடுக்கும் கரைக்குத் தமிழர் ‘அணை’ என்று பெயரிட்டதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. தாய் குழந்தையைத் தழுவுவதும் அணைத்தல். விளக்கை அவிப்பதும் அணைத்தல். பாய்ந்து வரும் ஒன்றைத் தடுத்து நிறுத்துவதற்கு நம் மொழி தேர்ந்துகொண்ட சொல்லில் அன்பும் இருக்கிறது, அழிவும் இருக்கிறது. பிறரைத் தன் கைக்குள் கொண்டுவருவதைக் குறிக்கும் சொற்கள் எந்த மொழியிலும் இப்படித்தான் இரண்டு முகம் உடையனவாக இருக்கின்றன போலும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய சில ஆங்கிலச் சொற்களைப் பற்றியது. அச்சொற்கள் இந்த மலையடிவாரத்துக்குப் படையுடன் வந்தவை என்பதால் இது சரித்திரப் பேச்சும் ஆகும்.

அணைக்கரையிலிருந்து தெற்கே மலையை ஒட்டிப் புறப்பட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். அதற்கும் அப்பால் நெற்கட்டுஞ்செவ்வல். ஏறத்தாழ இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த வழியெங்கும் பாளையங்கள் இருந்தன, மண்கோட்டைகள் இருந்தன, கோட்டைக்குப் பின்னே முள்காடும், காட்டுக்குப் பின்னே மலையும் இருந்தன.

நான் ஆங்கில ஆசிரியனாக இருந்த காலத்தில் உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். நம் ஊர்ப்பக்கத்துச் செய்தியாக இருக்கட்டும் என்று எண்ணி, 1783ஆம் ஆண்டில் கும்பெனியின் தளபதி ஒருவர் சிவகிரிப் பாளையத்தின்மேல் படையெடுத்த செய்தியைச் சில வாக்கியங்களாக நானே எழுதிக் கொடுத்தேன். கும்பெனிக்காரர் நூல்களில் பயின்று வரும் ‘ரெடியூஸ்’ என்ற வினைச்சொல்லையே அதில் வைத்திருந்தேன். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து நடந்து வந்து படித்த மாணவன் ஒருவன் அதனைத் தமிழில் பெயர்த்து எழுதினான்: தளபதியார் சிவகிரிப் பாளையக்காரரைக் ‘குறைத்தார்’.

வகுப்பு முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிவப்பு மையால் அச்சொல்லை அடித்துவிட்டு, ‘அடக்கினார்’ என்று மேலே எழுதினேன். அவன் நோட்டைப் பெற்றுக்கொண்டு உட்காரவில்லை. நின்றபடியே கேட்டான்: “ஐயா, அடக்கினார் என்றால், அதற்கு முன்னே பாளையக்காரர் அந்தத் துரைக்கு அடங்கி இருந்தவரா?”

நான் ஏதோ சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க விடையாக அது இருந்திருக்காது. ஆனால் அன்றிரவு பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். ‘ரெடியூஸ்’ என்னும் சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் குறைப்பதும் அன்று, அடக்குவதும் அன்று. ‘திரும்ப அழைத்துச் செல்லுதல்’ என்பதே அதன் பொருள். வழி தவறிப்போன ஒன்றை, முன்னிருந்த இடத்துக்கே மீட்டுக் கொண்டுவருதல். பிறகுதான் கோட்டையை வீழ்த்துதல் என்ற படைத்துறைப் பொருளும், குறைத்தல் என்ற இன்றைய பொருளும் அதற்கு வந்து சேர்ந்தன.

மாணவனுடைய கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. ‘திரும்ப அழைத்துச் சென்றார்’ என்று சொல்லும்போதே, முன்பு அவர்கள் அங்கே இருந்தவர்கள் என்பது சொல்லாமல் சொல்லப்பட்டுவிடுகிறது. வழக்கு மன்றத்தில் எந்தக் கேள்விக்குத் தீர்ப்பு வேண்டுமோ, அந்தக் கேள்வியையே சொல் விழுங்கிவிடுகிறது. பாளையக்காரர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? பதினெட்டாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையில் நடந்த போர்களெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பற்றியவையே.

மதுரை நாயக்கர் ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் காக்க வேண்டும். போர்க்காலத்தில் படையும், மற்றக் காலத்தில் ஒரு பங்கு வரியும் தரவேண்டும். 1736இல் ராணி மீனாட்சியோடு அந்த ஆட்சி முடிந்தது. கொத்தளமும் அரசும் போனபின் கடமை யாருக்கு? மதுரை எனக்கு வந்தது, ஆகவே கடமையும் எனக்கே வந்தது என்றார் ஆர்க்காட்டு நவாபு. அரசர் போனார், ஆகவே கடமையும் போயிற்று என்று கருதினார்கள் மேற்குப் பாளையங்களின் மறவர் தலைவர்கள். இரண்டு பக்கத்திலும் பேசுவதற்கு இடமுண்டு. நடுவர் ஒருவர் இருந்திருந்தால் நெடுங்காலம் வாதாடியிருக்கலாம். நவாபு முகம்மது அலி நடுவரைத் தேடவில்லை, கும்பெனியைத் தேடினார். அவர் கும்பெனிக்குப் போர்ச்செலவு வகையில் கடன்பட்டிருந்தார். தெற்கே வரி திரண்டால்தான் கடன் தீரும். ஆகவே கும்பெனியார் தங்கள் கடனை வசூலிக்கத் தங்கள் படையையே அனுப்பினார்கள்.

1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் என்பவர், நவாபின் தமையனார் மாபூஸ்கானுடன் மதுரை வழியாகத் தெற்கே வந்தார். புலித்தேவரின் கோட்டை முன்னே நின்று இருபதினாயிரம் ரூபாய் கேட்டார். பெரிய பீரங்கிகளும் போதிய உணவும் அந்தப் படையிடம் இல்லை என்பதைப் பாளையத்தார் கண்டுகொண்டனர்; ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. ஹெரான் திரும்பிப் போனார். நெற்கட்டுஞ்செவ்வல் என்னும் ஊரின் பெயரைப் பற்றி அப்பக்கத்து மக்கள் ஒரு கதை சொல்வார்கள். நெல்லை வரியாகக் ‘கட்டான்’ என்ற பொருளில் ‘நெற்கட்டான்செவ்வல்’ என்பதே பெயர் என்றும், ‘கட்டும்’ என்பது பின்னர் வந்த மாற்றம் என்றும் கூறுவர். சொல்லாராய்ச்சியாளர் இதனை ஒப்புவாரோ மாட்டாரோ, நான் அறியேன். ஆனால் ஓர் எழுத்தில் அடிமையும் உரிமையும் வேறுபடுகின்றன என்பதை அம்மக்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

அந்தப் படையெடுப்பின் வரலாற்றை எழுதியவர் ராபர்ட் ஒர்ம். இவர் பிறந்தது நம் மலைத்தொடருக்கு அந்தப்பக்கம், மலையாளக் கரையிலுள்ள அஞ்சுதெங்கில். சென்னையில் கும்பெனியின் ஆலோசனைச் சபையில் இருந்தவர். பின்பு கும்பெனியின் சரித்திர ஆசிரியராக அமர்ந்தவர். அவருடைய நூலின் முதற்பகுதி 1763இல் வெளிவந்தது. புலித்தேவர் என்னும் பெயர் அந்நூலில் ‘புலிட்டாவர்’ என்று ஒருவாறு உருக்குலைந்து காணப்படும். ஒர்ம் கண்ணியமான எழுத்தாளர். திருநெல்வேலிக்குத் தெற்கே ‘நெல்லிக்கோட்டை’ என்று அவர் குறிக்கும் ஒரு கோட்டையில் ஹெரானின் படை ஆண் பெண் குழந்தை என்று பாராமல் வெட்டியதையும், நானூறு பேரில் ஆறு பேரே உயிர் தப்பியதையும் அவர் மறைக்கவில்லை. அதனைச் செய்தவர்களிற் பலர் திருச்சிராப்பள்ளிப் போரில் லாரன்சின் கீழ்ப் புகழோடு போரிட்ட வீரர்களே என்பதையும் வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறார். இத்தனை நேர்மையுடைய ஆசிரியரும் பாளையக்காரரைப் பற்றி எழுதும்போது அதே ‘ரெடியூஸ்’ என்னும் சொல்லையே கையாளுகிறார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. மொழி தன் பழக்கத்தில் அச்சொல்லை அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டது. எனக்கும் வகுப்பறையில் நேர்ந்தது அதுவேதான்.

ஹெரானால் ஆகாததை முடிக்க அனுப்பப்பட்டவர் யூசுப்கான். கம்மந்தான் கான் சாகிபு என்று நம் மக்கள் அவரை அழைத்தனர். ஆங்கிலத்துக் ‘கமாண்டன்ட்’ நம் நாவில் ‘கம்மந்தான்’ ஆயிற்று. 1759இன் கடைசியில் திருவிதாங்கூர்ப் படையின் துணையோடு அவர் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்றார். 1761இல் மீண்டும் வந்து நெற்கட்டுஞ்செவ்வல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்றையும் பிடித்தார். புலித்தேவர் காட்டுக்குள் மறைந்தார். இனி வருவதுதான் கவனிக்கத்தக்கது. இரண்டே ஆண்டுகளில், மதுரையைத் தமக்கே உரியதாக வைத்துக்கொள்ள விரும்பிய அதே யூசுப்கான், நவாபுக்கும் கும்பெனிக்கும் பகைவரானார். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டனர். 1914இல் ஹில் என்னும் ஆங்கிலேயர் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயரில் யூசுப்கான் ‘ரெபெல் கமாண்டன்ட்’.

‘ரெபெல்’ என்னும் சொல்லுக்குள் புகுந்து பார்த்தால், அங்கேயும் ‘ரெடியூஸ்’ என்பதில் உள்ள அதே ‘ரெ’ முன்னிற்கிறது. ‘மீண்டும் போர் தொடுப்பவன்’ என்பது லத்தீன் பொருள். ஒருமுறை வெல்லப்பட்டுப் பணிந்தவன் மறுபடி வாளெடுத்தால் உரோமர் அவனை அப்பெயரால் அழைத்தனர். முன்னே பணிந்திராதவனுக்கு அப்பெயர் பொருந்தாது. கும்பெனியின் சம்பளம் வாங்கிய யூசுப்கானுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கும்பெனியைக் கண்ணால் காண்பதற்கு முன்பே கலகக்காரர் என்று எழுதப்பட்ட மலையடிவாரத் தலைவர்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஹெரானோடு வந்த மாபூஸ்கானும் பிற்பாடு புலித்தேவர் பக்கமே சேர்ந்துகொண்டார். அடக்க வந்தவர் இருவரும் அடங்காதவர் ஆனார்கள் என்றால், குற்றம் இந்த மண்ணின் காற்றில் இருக்க வேண்டும்!

மாணவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த செய்திக்கு வருகிறேன். 1783இல் கர்னல் வில்லியம் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய பின்பு சிவகிரிக்கு வந்தார். பாளையக்காரர் ஊரை விட்டுக் கோம்பைக்குள் சென்றுவிட்டார். கோம்பை என்பது மூன்று பக்கமும் மலை சூழ்ந்து, ஒரு பக்கம் மட்டும் குறுகிய வாயில் உடைய காட்டுப் பள்ளத்தாக்கு. இந்தப் பக்கத்து ஆடு மேய்ப்பவரைக் கேட்டாலும் சொல்வார். புல்லர்ட்டன் தம் நூலில் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். இதற்கு நேரான ஆங்கிலச்சொல் அவருக்குக் கிடைக்கவில்லை போலும். காட்டை வெட்டி வழி செய்துகொண்டு படையை உள்ளே செலுத்தினார். பாளையத்தார் மரத்துக்கு மரம் நின்று போரிட்டனர். இறுதியில் கோம்பை பிடிபட்டது. நிலத்தின் வடிவுக்கு நம்மிடம் சொல் வாங்கியவர், அந்நிலத்தில் நடந்ததற்கு மட்டும் தம் ஊர்ச் சொற்களையே வைத்துக்கொண்டார்.

அக்காலத்தார் இத்தகைய செயலுக்கு வழங்கிய மற்றொரு சொல் ‘பாசிஃபை’. அமைதிப்படுத்துதல் என்பது நேர்ப்பொருள். உரோமரின் சீசர் கால் நாட்டை வென்றபோது, அது அமைதியாக்கப்பட்டது என்றுதான் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், டாசிட்டசு என்னும் உரோம ஆசிரியர் தம் மாமனாரின் வரலாற்றை எழுதினார். அதில் பிரிட்டன் தீவின் வடகோடித் தலைவன் கால்ககசு என்பவன் போருக்கு முன் தன் வீரரிடையே பேசுவதாக ஒரு பேச்சு வருகிறது. கொள்ளைக்கும் கொலைக்கும் உரோமர் நல்ல நல்ல பெயர்களைச் சூட்டுகிறார்கள் என்பதும், அவர்கள் அமைதி என்று சொல்வது பாழ்நிலத்தையே என்பதும் அவனுடைய முறையீடு. அந்த வடகோடி இன்றைய ஸ்காத்லாந்து. புல்லர்ட்டன் பிறந்ததும் ஸ்காத்லாந்தே. லத்தீன் கற்ற ஆங்கிலேயர் பலரும் படித்த நூல் அது. கால்ககசின் நாட்டிலிருந்து வந்த ஒருவர், உரோமர் விட்டுச்சென்ற சொல்லோடு சிவகிரிக் கோம்பையின் வாயிலில் நின்றார் என்பதைக் காட்டிலும் விந்தையான காட்சி சரித்திரத்தில் அதிகம் இல்லை.

உரோமர் விட்டுச்சென்றது அது ஒன்று மட்டும் அன்று. ‘சப்ஜுகேட்’ என்றால் நுகத்தின் கீழ்க் கொண்டுவருதல். தோற்றவர்களை ஈட்டிகளால் அமைத்த நுகத்தின் கீழே குனிந்து நடக்கச் செய்வது பழைய இத்தாலிய வழக்கம். கி.மு. 321இல் சாம்னியர் உரோமப் படையையே அவ்வாறு நடத்தினர். அந்த அவமானத்தை உரோமர் தலைமுறை தலைமுறையாக மறக்கவில்லை. ‘காங்கர்’ என்பதற்குத் தேடிப் பெறுதல் என்பதே அடிப்பொருள். பழைய சட்ட வழக்கில் பரம்பரையாக வராத சொத்தைத் தேடிக்கொண்டவனையும் அச்சொல் குறித்தது. ‘டிஃபீட்’ என்றால் செய்ததைக் குலைத்தல். ‘குவெல்’ ஒன்றுதான் ஆங்கிலேயரின் சொந்த வீட்டுச் சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கொல்லுதல் என்று பொருள். இன்றோ குழப்பத்தை அடக்குவதற்கும் அச்சத்தைத் தணிப்பதற்கும் அது பயன்படுகிறது. இரத்தக் கறை படிந்த சொல் நன்றாக வெளுத்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லித் தமிழ்ச் சொற்கள் மட்டும் மாசற்றவை என்று காட்ட நான் முயலவில்லை. நம்முடைய ‘அடு’ என்னும் வினைக்குச் சமைத்தல், வெல்லுதல், கொல்லுதல் என்று மூன்று பொருளும் உண்டு. அடுப்பும் அதிலிருந்து வந்ததே. ‘அடக்கம்’ திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரில் நின்று ஒருவன் தன்னைத்தான் கட்டுவதைக் குறிக்கிறது; இன்று இடுகாட்டிலும் நிற்கிறது. பண்டை இலக்கணம் மண்ணாசையால் படையெடுப்பதற்கு வஞ்சி என்றும், கோட்டையை முற்றுவதற்கு உழிஞை என்றும், வென்றதற்கு வாகை என்றும் பெயரிட்டது. எல்லாம் மலரும் கொடியும். மாலை சூடிப் போனவர்கள் பகைவர் ஊரில் என்ன செய்தார்கள் என்பதை அந்த மணத்தில் மறந்துவிடலாம். ஆனாலும் தொல்காப்பியர், வஞ்சியின் துறைகளை எண்ணும்போது எரிபரந்து எடுத்தலையும் சேர்த்தே எண்ணினார். ஊரைக் கொளுத்துவதைக் கொளுத்துவது என்றே சொல்லிவிட்டார்.

ராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் அருகில் கொல்லங்கொண்டான் என்று ஓர் ஊர் உண்டு. அதுவும் பாளையமாக இருந்தது. 1767இல் கர்னல் டொனால்ட் கேம்பெல்லின் படை அதனைத் தாக்கிற்று. அப்பெயரைப் பிரித்துப் பாருங்கள்: கொல்லத்தைக் கொண்டவன். கங்கை கொண்டான், கடாரம் கொண்டான் என்று சோழர் பூண்ட விருதுகளின் அச்சு அப்படியே இருக்கிறது. ‘கொண்டான்’ என்பது பெருமைதான். பறித்ததைப் பெருமையாகப் பேசுவதுதான். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. எனினும் அந்தச் சொல் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. அது தன்னுடையது அன்று, கொண்டேன் என்கிறது. கங்கைக்கரையார் வழி தவறிப் போனதாகவும், அவர்களைத் திரும்ப அழைத்து வந்ததாகவும் இராசேந்திரன் சொல்லிக்கொள்ளவில்லை.

1799இல் மேஜர் பானர்மன் வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், கயத்தாற்றில், பாளையக்காரர்களை வரவழைத்து அவர்கள் கண் முன்னே வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டனர். கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் கட்டளை பிறந்தது. எல்லாப் பாளையக்காரரும் ஒரு பக்கம் நின்றார்கள் என்று எண்ணக்கூடாது. எட்டையபுரத்தார் கும்பெனிப் பக்கம் நின்றனர். 1801இல் ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கர்னல் அக்னியூ மே மாதத்தில் பிடித்தார். அந்தப் போரில் இருந்த வெல்ஷ் என்னும் படைத்தலைவர், 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் ஊமைத்துரையைப் பற்றி எழுதும் பகுதி வியப்பும் மதிப்பும் கலந்தது. எதிரியின் பேனாவிலிருந்து அப்படி எழுத்து வருவது அரிது. ஆனால் வெல்ஷின் மதிப்பு கோட்டையைக் காப்பாற்றவில்லை. கோட்டையைத் தரைமட்டமாக்கினர், அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர், பாஞ்சாலங்குறிச்சி என்னும் பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினர். மனிதரை வெல்ல எத்தனையோ சொற்களைக் கொண்டுவந்தவர்கள், முடிவில் ஒரு சொல்லைக் கண்டு அஞ்சினார்கள்! ஆமணக்கு எத்தனை ஆண்டு காய்த்ததோ தெரியாது. 1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை எழுப்பிற்று.

போருக்குப்பின் வந்த சொல் போர்ச்சொற்களைவிட வலியது. அது ‘செட்டில்மெண்ட்’. 1803இல் கலெக்டர் லூசிங்டன் காலத்தில் பாளையங்களுக்கு நிரந்தரமாகப் பேஷ்குஷ் விதித்துச் சன்னது கொடுத்தார்கள். பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். ‘செட்டில்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லுக்கு இருக்கையில் அமர்த்துதல் என்று பொருள். சேத்தூர், சிவகிரித் தலைவர்களின் வழியினர் இருக்கையில் அமர்த்தப்பட்டார்கள். இருக்கை எங்கே போடப்பட்டது என்பதைக் கலெக்டர் தீர்மானித்தார். வாளைக் கொடுத்துவிட்டுக் கிஸ்தி ரசீதைப் பெற்றுக்கொண்டார்கள். ஊர்க்காவல் உரிமையும் போயிற்று. அந்தக் காவலுக்காகக் குடிகளிடம் பாளையக்காரர் தண்டிய வரி சில இடங்களில் கொடுமையாகவே இருந்தது. அது நின்றதில் உழவன் மகிழ்ந்திருந்தால் அவனை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஏற்பாடு, ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் ஏறக்குறைய நூற்று நாற்பத்தைந்து ஆண்டு நின்றது.

இந்த இடத்தில் ‘கன்ட்ரோல்’ என்ற சொல்லையும் நினைக்கவேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது கன்ட்ரோல் அரிசி, கன்ட்ரோல் துணி என்று படிக்காத பாட்டியும் சொன்ன சொல் அது. அதன் பிறப்பு பிரெஞ்சு மொழியில். ‘எதிர்க்கணக்கு’ என்று பொருள். ஒருவன் எழுதும் கணக்குச் சுருளைச் சரிபார்க்க மற்றொருவன் வைத்திருக்கும் இரண்டாவது சுருள். கும்பெனியையே மேற்பார்க்க இங்கிலாந்துப் பார்லிமெண்டு 1784இல் அமைத்த சபைக்கும் ‘கன்ட்ரோல் போர்டு’ என்றே பெயர். பிறரைக் கைக்குள் வைத்திருக்க பீரங்கியைவிட இரண்டாவது கணக்குப்புத்தகம் ஏற்றது என்பதை ஆங்கிலேயர் வேறு எவரினும் நன்றாக அறிந்திருந்தனர். சிவகிரிக் கோம்பையில் புல்லர்ட்டனுக்குக் கிடைத்தது சில நாள் வெற்றி. கலெக்டர் கச்சேரியின் பேரேட்டில் கிடைத்தது ஒன்றரை நூற்றாண்டு.

நம்மிடமிருந்தும் ஒரு சொல் அவர்கள் அகராதிக்குப் போயிற்று. பாளையக்காரர் என்பது ‘பாலிகர்’ ஆயிற்று. பிறகு அவர்கள் அப்பெயரை நம் பக்கத்து வேட்டை நாய்க்கும் வைத்தார்கள். இன்று ராஜபாளையம் நாய் என்று யாவரும் அறிந்த வெள்ளை நாய்க்குப் ‘பாலிகர் ஹவுண்டு’ என்ற பெயர் ஆங்கில நூல்களில் உண்டு. அந்நாய் முதலாளியைத் தவிர வேறு எவரையும் அண்டவிடாது என்பார்கள். பெயர் பொருத்தமாக இருக்கிறதா, இழிவாக இருக்கிறதா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

சரித்திரத்தைத் திருத்தி எழுத முனைந்த நம்மவர்க்கும் இந்தச் சொற்களிலிருந்து எளிதில் விடுதலை கிடைக்கவில்லை. 1800, 1801ஆம் ஆண்டுகளின் போரை முதல் விடுதலைப்போர் என்று நிறுவப் பேராசிரியர் ராஜய்யன் 1971இல் ஓர் ஆங்கில நூல் எழுதினார். அந்த நூலின் தலைப்பிலேயே ‘ரெபெலியன்’ என்ற சொல்லும் விடுதலைப்போர் என்ற தொடரும் அருகருகே நிற்கின்றன. இது அவர் குறை என்று நான் சொல்லவரவில்லை. எதிரியின் பேரேட்டையே சான்றாகக் கொண்டு எதிரியை மறுக்க வேண்டியிருக்கும் நிலையில், அவன் சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. தமிழில் எழுதும்போது பாளையக்காரர் ‘கலகம்’ என்று எத்தனை பாடப்புத்தகங்களில் நானே நடத்தியிருக்கிறேன்! கலகம் என்பதற்கு முன்னே ஒழுங்கு ஒன்று இருந்ததாக அல்லவா பொருள்? அது யாருடைய ஒழுங்கு என்று என் வகுப்பில் கேட்டவன் ஒருவனே.

அப்படியானால் சிவப்பு மையால் நான் என்ன எழுதியிருக்கவேண்டும்? பல மாலைகள் அணைக்கரையில் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ‘வென்றார்’ என்று எழுதினால் வாகை மாலை வந்துவிடுகிறது. ‘அடக்கினார்’ என்பது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ‘பணியவைத்தார்’ என்றால், கோம்பைக்குள் போனவர் மனம் பணிந்ததா என்பதற்கு எவரும் சாட்சி இல்லை. ‘பிடித்தார்’ என்று எழுதியிருக்கலாம். நடந்தது அதுதான். கோட்டையைப் பிடித்தார்; கோம்பையைப் பிடித்தார். இன்னும் எண்ணிப் பார்த்தால், ‘குறைத்தார்’ என்று அந்தப் பையன் எழுதியதே தவறாகத் தோன்றவில்லை. எழுபத்திரண்டு கொத்தளத்துக்கு உரியவர்களில் ஒருவராக இருந்தவரைக் கிஸ்தி கட்டும் ஒருவராக ஆக்கியதற்குக் குறைத்தல் என்பதைவிட நேரான சொல் தமிழில் எது?

சென்ற ஆண்டு வத்திராயிருப்புக் கடைத்தெருவில் அவனைக் கண்டேன். அவன் என்று சொல்லக்கூடாது, தலை நரைத்துவிட்டது, கொஞ்சம் நிலமும் தென்னையும் வைத்து நடத்துகிறார். பிளவக்கல் தண்ணீர் இந்த முறை தம் வயல்வரை வரவில்லை என்று நெடுநேரம் குறைபட்டுக்கொண்டார். பிறகு நான் மெல்ல அந்தப் பழைய வகுப்பையும், ‘குறைத்தார்’ என்ற சொல்லையும் நினைவூட்டினேன். அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

“அதற்கு எனக்கு எத்தனை மதிப்பெண் போட்டீர்கள், ஐயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

எனக்கு நினைவிருந்தது. பத்துக்கு மூன்று.